கீழக்கரைக் கிட்டங்கியில் பேய்ப்படம்: ஓர் ஆபரேட்டரின் மதிப்பீடு

கீழக்கரையில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு காலத்தில் சங்கு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை இரவுகளில் பழைய பேய்ப்படங்களைத் திரையிட்டு வருகிறார் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு தம்பி. ஆளுக்கு 80 ரூபாய். இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு, ஒன்பது மணிக்குப் படம். சிறுவர்களுக்கு அனுமதி கிடையாது. ஊர்க்காரர்கள் இதைக் 'கிட்டங்கிப் படம்' என்கிறார்கள். 1942 முதல் 1964 வரை வந்த படங்களில் பொறுக்கி எடுத்து, வந்த ஆண்டு வரிசையிலேயே போட்டு முடித்திருக்கிறார். அதே வரிசையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கப்போகிறார் என்பதால், போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாம், இந்தக் கரையில் இருப்பவர்கள் அவசியம் போகவேண்டும். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் இந்தப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸிலும், பிறகு நிரந்தரத் தியேட்டரிலும் ஆபரேட்டராக வேலை பார்த்தவன். கார்பன் குச்சி எரிந்து குறையக் குறையத் தள்ளிக்கொடுத்து, திரையில் வெளிச்சம் மங்காமல் பார்த்துக்கொண்ட தலைமுறை. அதனால் கதைக்கு முன்னால் என் கண் வெளிச்சத்தைத்தான் பார்க்கும். பேய்ப்படத்தில் அது இன்னும் முக்கியம். அந்தக் காலத்துப் படங்கள் பயத்தை இருட்டிலும் சத்தத்திலும் ஒளித்து வைத்தவை. இருட்டைக் கெடுக்கும் அரங்கில் அந்தப் படங்களைப் பார்த்தால், பழைய ஆட்கள் பழைய வீட்டில் நடமாடும் கதை மட்டுமே மிஞ்சும். 'இதற்கா பயந்தார்கள்' என்று இளைஞர்கள் கேட்பது அதனால்தான். கைப்பேசியில், பகல் வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் இன்னும் காட்டப்படவே இல்லை என்பேன்.

கிட்டங்கி இந்த விஷயத்தில் தேறுகிறது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர். மேலே பனஞ்சட்டம், ஓடு. ஓட்டுச் சந்துகளில் தெருவிளக்கு கசியாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். பக்கச் சுவர்களில் கறுப்புத் துணி. வாசலில் இரட்டைத் திரை. ஒன்றைத் தாண்டி மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறக்க முடியும் என்பதால், யாராவது வெளியே போனாலும் உள்ளே வெளிச்சம் விழாது. வெளியேறும் வழிக்கான பச்சை விளக்கைக்கூடத் திரையைப் பார்த்து இல்லாமல் தரையைப் பார்த்து வைத்திருக்கிறார். டிஜிட்டல் புரொஜெக்டரில் கறுப்பு முழுக் கறுப்பாக வராது. ஒரு சாம்பல் வெளிச்சம் கசிந்துகொண்டே இருக்கும். அறை இருட்டாக இருந்தால்தான் அந்தச் சாம்பலைக் கண் மன்னிக்கும். இங்கே மன்னிக்கிறது.

வரிசையின் முதல் படம் 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. தொடக்கத்துக்கு இதைவிடச் சரியான தேர்வு கிடையாது. அதற்கு முன்னால், 1931இல் யுனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் எடுத்து, பேலா லுகோசி, போரிஸ் கார்லாஃப் என்று இரண்டு முகங்களை உலகத்துக்குக் கொடுத்திருந்தது. பயம் என்றால் ஒப்பனை, பல், தையல் போட்ட நெற்றி என்று பத்தாண்டு ஓடியது. ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு சின்னப் பிரிவை ஒப்படைத்தபோது நிபந்தனைகள் கடுமையாக இருந்தன: ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு கூடாது, 75 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தலைப்பை நிறுவனமே கொடுக்கும். அரக்கனை உருவாக்கப் பணம் இல்லை. ஆகவே இயக்குநர் ஜாக் டூர்னர், ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்கா இருவரும் விளக்குகளை அணைத்தார்கள். வேறொரு படத்துக்குக் கட்டிய மாடிப்படி செட்டையே மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள்.

கதையில், தான் கோபப்பட்டால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்பும் ஒரு பெண். அவளுக்குப் போட்டியாக வந்தவள் இரவில் மதிலோரமாகத் தனியே நடந்து போகிறாள். பின்னால் இன்னொரு குதிகால் செருப்புச் சத்தம். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. இவள் நடையை விரைவுபடுத்துகிறாள், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மதிலுக்கு மேல் மரக்கிளை அசைகிறது. அப்போது சீறிக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து நுழைகிறது ஒரு பஸ். அவ்வளவுதான், வெறும் பஸ். கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பனைத் தொழிலாளி ஒருவர் நாற்காலியோடு ஓர் அடி பின்னுக்கு நகர்ந்தார். இன்றைக்கு வரும் பேய்ப்படங்கள் எல்லாவற்றிலும் உள்ள திடுக்கிடல் அந்த ஒரு பஸ்ஸிலிருந்து கிளம்பியது. ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் அவர்கள் கொடுத்த அமைதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதே லூட்டன், அதே டூர்னர் அடுத்த ஆண்டு எடுத்த 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி' இந்தக் கரைக்காகவே எடுத்ததோ என்று தோன்றும். கரீபியத் தீவு ஒன்றில் கரும்புத் தோட்டம். தூரத்தில் முரசு. பேச்சு இல்லாமல், காற்றில் கரும்புத் தோகை உரசும் சத்தத்தின் நடுவே இரண்டு பெண்கள் நடந்து போகிறார்கள். வழியில் அசையாமல் நிற்கிறான் ஒருவன். பங்களாத் தோட்டத்தில், அடிமைகளை ஏற்றி வந்த கப்பலின் முகப்பில் இருந்த அம்பு தைத்த புனிதர் சிலை நிற்கிறது. அந்தத் தீவின் பேய் எது என்ற கேள்விக்குப் படம் அந்தச் சிலையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. 69 நிமிடத்தில் இதைச் சொல்லி முடித்தவர்களை எப்படிப் பாராட்டுவது? கச்சான் காற்று வீசும் நாளில் இதைப் போட்டார். வெளியே வீசியது எது, திரையில் வீசியது எது என்று பிரிக்க முடியவில்லை.

1949இல் வந்த இந்திப் படம் 'மகால்' பார்க்கத்தான் பெண்கள் அதிகமாக வந்தார்கள். காரணம் பாட்டு. இந்தக் கரையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். மொழி தெரியாமலே 'ஆயேகா ஆனேவாலா' பாட்டை மனப்பாடமாக்கிய வயதான அம்மாக்கள் நான்கைந்து பேர் முன் வரிசையில் வந்து அமர்ந்தார்கள். கெம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அந்தப் பாட்டின் தொடக்கத்தில் குரல் தூரத்திலிருந்து கிட்டே வரவேண்டும் என்பதற்காக, லதா மங்கேஷ்கர் மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே நெருங்கி வந்தார். கமால் அம்ரோகி இயக்கம். ஜெர்மனியிலிருந்து வந்து பம்பாய் டாக்கீஸில் சேர்ந்த ஜோசப் வீர்ஷிங் ஒளிப்பதிவு. பாழடைந்த மாளிகை, முற்பிறவி, வெள்ளைப் புடவை, தூரத்துப் பாட்டு என்று நம் நாட்டுப் பேய்ப்படத்துக்கான பாதை இங்கேதான் போடப்பட்டது. அது முடிந்து வெளியே வந்த அம்மா ஒருவர் தம்பியிடம், "இத்தனை வருடமாகப் பாட்டை மட்டும் கேட்டேன், ஊஞ்சலில் இருந்தது யார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது தம்பி" என்றார். கிட்டங்கிக்கு அந்த இரவு கிடைத்த நற்சான்று அது.

எல்லாவற்றிலும் மேலான இரவு, தடைக்காலத்தில் போட்ட ஜப்பானியப் படம் 'கோஜிரா', உலகம் 'காட்ஸில்லா' என்று அறிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகமுடியாத 61 நாளில், மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கத்திலிருந்து மீன்பிடித் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். பெரிய பல்லி ஒன்று கட்டடங்களை மிதிக்கும் படம் என்று நினைத்து, பொழுதுபோக்காக வந்தவர்கள்.

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகின் பெயர் 'டைகோ ஃபுகுரியு மாரு'. அதில் இருந்தவர்கள் 23 பேர். கரை திரும்பிய அத்தனை பேருக்கும் கதிர்வீச்சு நோய். அவர்கள் கொண்டுவந்த மீனால் ஜப்பான் முழுக்க மீன் சந்தை கலங்கிப்போனது. படகில் கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்கிய அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். நவம்பர் 3 அன்று 'கோஜிரா' வெளியானது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா படத்தை எங்கே தொடங்குகிறார்? இரவுக் கடலில், ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஓய்வாக இருக்கும் ஆட்களிடம். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம், கொதிக்கும் தண்ணீர், வானொலிக்காரர் உதவி கேட்டுத் தட்டும் செய்தி. தேடப் போன இரண்டாவது கப்பலும் அப்படியே போகிறது. பிழைத்த மூவரை ஏற்றிக்கொண்ட மீன்பிடிப் படகும் அழிகிறது.

இதையடுத்து, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அலுவலகத்தில் குவிந்து, யார் பிழைத்தார்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று முட்டி மோதும் காட்சி. கிட்டங்கியில் அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பேய் இன்னும் திரைக்கே வரவில்லை. படம் முடிந்து சுக்குக் காபி குடிக்கும்போது பாம்பன்காரர் ஒருவர், "அந்த ஆபீஸ் வாசலில் நாங்கள் நின்றிருக்கிறோம் அண்ணே" என்றார். வேறு எதையும் அவர் பேசவில்லை. கோஜிராவின் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே எப்படி உண்டாக்கினார் என்று அவருக்குச் சொல்ல நினைத்திருந்தேன்; பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து எடுத்த சத்தம் அது. அப்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை.

தம்பிக்கு இங்கே இரண்டு பாராட்டு. 1956இல் அமெரிக்காவில் ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரத்தை நுழைத்து, அசலில் பலவற்றை வெட்டி வெளியிட்ட பிரதியை விட்டுவிட்டு, 96 நிமிட ஜப்பானிய அசலையே போட்டார். இரண்டாவது, எழுத்து வாசிக்கச் சிரமப்படுவோர் இருப்பார்கள் என்று, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைத் திரையோரம் உட்காரவைத்து, ஆங்கிலத் துணையெழுத்தைப் பார்த்துத் தமிழில் வசனத்தைச் சொல்லவைத்தார். மௌனப்பட காலத்தில் கொட்டகைகளில் நின்று கதை சொன்னவர்களின் வேலை அது. அந்த டீச்சர் குரலை ஏற்றவும் இல்லை, நடிக்கவும் இல்லை. கூட்டத்தில் யாருக்கும் இடைஞ்சலாகத் தெரியவில்லை.

1957, 58, 59 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இருட்டை நம்பியவர்களுக்கும் காட்டுவதை நம்பியவர்களுக்கும் இடையே நடந்த வழக்கு புரியும். டூர்னரே இங்கிலாந்தில் எடுத்த 'நைட் ஆஃப் தி டெமன்' படத்தில், அவர் விருப்பத்துக்கு மாறாகத் தயாரிப்புத் தரப்பு பிசாசின் முகத்தைப் பெரிதாகக் காட்டியது. படத்தின் மற்ற எல்லாக் காட்சியும் அந்த முகத்தைவிடப் பயமானவை. எதிர்த்தரப்பில் ஹாமர் நிறுவனம். 1958இல் டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 'டிராகுலா' வண்ணப் படம். ரத்தம் சிவப்பாகவே சிந்தியது. டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீக்கு மொத்த வசனமும் தொடக்கத்துக் கோட்டைக் காட்சிகளோடு முடிந்துவிடும். மீதிப் படம் முழுக்க நிற்பதும் பாய்வதும்தான். எனக்கு முதல் தரப்புதான் பிடிக்கும், ஆனாலும் லீ படிக்கட்டு உச்சியில் வந்து நிற்பதை மறுக்க முடியாது.

இயக்குநர் வில்லியம் காசில் விஷயத்தில் எனக்குத் தம்பியோடு கருத்து வேறுபாடு. 1959இல் 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்துக்கு, குறிப்பிட்ட காட்சியில் ரசிகர்களின் தலைக்கு மேல் கயிற்றில் ஓர் எலும்புக்கூடு பறந்து வரும்படி தியேட்டர்களில் ஏற்பாடு செய்தவர் காசில். அதே ஆண்டின் 'தி டிங்ளர்' படத்துக்குச் சில இருக்கைகளின் அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார். தம்பி முதல் படத்தை எலும்புக்கூடு இல்லாமல் போட்டார். மலிவான வேடிக்கை வேண்டாம் என்பது அவர் வாதம். காசில் அந்தப் படத்தையே கொட்டகையையும் சேர்த்துக் கணக்கிட்டு எடுத்தவர். தியேட்டர்க்காரனும் ஆபரேட்டரும் படத்தில் பங்குதாரர்கள் என்று ஏற்றுக்கொண்ட மனிதர். எலும்புக்கூடு வராத இடத்தில் அந்தக் காட்சி வெறுமையாக நிற்கிறது. கயிறும் கப்பியும் கிட்டங்கியில் ஏற்கனவே இருக்கின்றன. அடுத்த சுற்றில் அவர் மனம் மாறவேண்டும்.

'சைக்கோ' இரவில் வாசலில் ஓர் அட்டை தொங்கியது: படம் தொடங்கிய பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. 1960இல் அந்தப் படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குப் போட்ட அதே விதி. நம் ஊரில் நினைத்த நேரத்தில் வந்து, பாதியில் கதை கேட்டு, சௌகரியமாக உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கசக்கும். அன்றைக்குச் சற்றுத் தாமதமாக வந்த இருவரைத் திருப்பி அனுப்பி, பணத்தையும் கொடுத்துவிட்டார். சரியான முடிவு. கதாநாயகி என்று நாம் நம்பி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பாதிப் படம் முடியும் முன்பே கொன்றுவிடும் கதையில், பின்னால் வருபவன் எதற்காகக் காத்திருப்பான்? குளியலறைக் காட்சியின் ரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அதுதான் எடுபட்டது. பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து முழுப் படத்துக்கும் இசை செய்திருக்கிறார். இந்த இரவிலிருந்து அந்த விதியை எல்லாப் படத்துக்கும் நிரந்தரமாக்கிவிட்டார் தம்பி.

படத்தின் அகல உயரத்தை அவர் கையாளும் விதத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ஐம்பதுகளுக்கு முந்தைய படங்கள் ஏறக்குறையச் சதுரம். பிறகு வந்தது ஸ்கோப் என்ற அகலப் படம். பழைய படத்தை இழுத்து, முகங்களைத் தட்டையாக்கிப் போடும் கொடுமையை எத்தனையோ இடங்களில் பார்த்து மனம் வெந்தவன் நான். கிட்டங்கியில், படம் தொடங்கும் முன் தம்பியின் மருமகன் ஏணியில் ஏறி, படகில் வலை தூக்கும் கப்பி இரண்டில் கோத்த கயிற்றை இழுக்கிறான். கறுப்புத் துணி பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ நகர்ந்து, படத்தின் ஓரத்தோடு விரற்கடை பிசகாமல் வந்து நிற்கிறது. ஒரு சோதனைச் சட்டத்தைப் போட்டு, விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறான். பெரிய தியேட்டர்களிலேயே இன்று கைவிட்ட வேலை இது. 1961இல் வந்த 'தி இன்னசன்ட்ஸ்' இதனால்தான் பிழைத்தது. அது ஸ்கோப் படம். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், ஓரங்களை இருட்டாக்க வண்ணம் தீட்டிய ஃபில்டர்களைப் பயன்படுத்தினார். நடுவில் மெழுகுவத்தியோடு டெபோரா கெர், இரு பக்கமும் கருமை. அந்தக் கருமை அப்படியே துணியின் கறுப்பில் கலந்து, திரை எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை.

1963இன் 'தி ஹாண்டிங்', நான் முன்பு சொன்ன லூட்டன் பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வு. இயக்குநர் ராபர்ட் வைஸ் முதன்முதலாக இயக்கியது லூட்டனிடம்தான், 1944இல். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, பேயை ஒரு நொடிகூடக் காட்டாமல் ஒரு பேய்ப்படம் எடுத்தார். நடைவழியில் ஏதோ ஒன்று சுவரை இடித்துக்கொண்டே வருகிறது. அறைக்குள் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, கதவையே பார்க்கிறார்கள். மரக்கதவு மூச்சு விடுவதாக உப்பி அடங்குகிறது. இன்னோர் இரவில், இருட்டில் தோழியின் கையைப் பிடித்திருந்தவள், விளக்கு எரிந்ததும் தோழி தூரத்தில் இருப்பதைப் பார்த்துக் கேட்கிறாள், நான் பிடித்திருந்தது யார் கையை என்று.

இந்தப் படம் கிட்டங்கியின் குறைகளையும் காட்டிக்கொடுத்தது. ஐந்து ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் ஒற்றைத்தட ஒலியை ஐந்துக்கும் பிரித்து அனுப்பும்படி வைத்திருந்தது. இடி பின்னால் இருந்து கேட்டது. அந்தப் படத்தின் ஒலி ஒரே இடத்திலிருந்து வரவேண்டும். அது கிட்டே வருவதும் விலகுவதும் ஒலியின் அளவில்தான் தெரியவேண்டும். படம் ஓடும்போதே எழுந்து போய்ச் சொன்னேன், நடு ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வைத்துப் போட்டார், அறை சட்டென்று சுருங்கி நெருக்கமானது. அதுமுதல் பழைய படம் எல்லாமே அப்படித்தான். நாற்காலிகள்தான் பெரும் தொல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, யாராவது சாய்ந்தால் கிறீச்சிடும். அமைதியை நம்பிய படத்தில் அது குற்றம். நிற்கும் மின்விசிறிகளின் இரைச்சலும் அப்படித்தான். ஜன்னல் முழுக்க மூடியிருப்பதால் விசிறி இல்லாமல் இருக்க முடியாது. கடற்கரைப் புழுக்கம் தெரிந்ததுதானே. மேலே பெரிய சுழலும் விசிறிகளைப் பொருத்தி, கீழே பெஞ்சு போட்டால் இரண்டும் தீரும்.

என்னை உண்மையிலேயே வருந்தவைத்தது தமிழ் இரவு. அதே 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை'. பாழடைந்த மாளிகையில் முற்பிறவி நினைவு திரும்பும் கதை. மூப்பேறிய ஜமீன்தாராக நம்பியார். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். ஃபிரான்சிஸும் முசுராக்காவும் செய்ததற்குச் சற்றும் குறையாத வேலையை அவர் செய்திருக்கிறார். ஆனால் தம்பிக்குக் கிடைத்த பிரதியில் மூலையில் ஏதோ ஒரு தொலைக்காட்சியின் முத்திரை, இருட்டு முழுக்கச் சாம்பல், முகங்களில் வெள்ளை பூத்திருக்கிறது. ஆங்கிலப் படமும் ஜப்பானியப் படமும் பளிங்காக வந்த திரையில் நம் படம் மட்டும் அழுக்காக வந்தது. இது தம்பியின் குற்றம் இல்லை. நல்ல பிரதியைத் தேடி அவர் அலைந்தது எனக்குத் தெரியும். அங்கெல்லாம் நெகட்டிவைச் சுத்தப்படுத்தி, சட்டம் சட்டமாகப் பழுது நீக்குகிறார்கள். நாம் வின்சென்டின் நிழல்களை இப்படி விட்டுவைத்திருக்கிறோம். அவர் அடுத்த ஆண்டே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார், வைக்கம் முகம்மது பஷீர் எழுதியது. ஒரு வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், அங்கே இருக்கும் பேயோடு மரியாதையாகப் பேசத் தொடங்குவான். அதையும் போட்டார், பிரதி சற்றுப் பரவாயில்லை. 'யார் நீ?' (1966) தன் ஆண்டுக் கணக்குக்கு வெளியே என்று விட்டுவிட்டார். நம் படத்துக்காக அந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

வரிசையின் கடைசிப் படம் மசாகி கோபயாஷியின் 'க்வைதான்', 1964. நான்கு கதைகள், மூன்று மணி நேரம். இதற்கு மட்டும்தான் இடைவேளை விட்டார். மூன்றாவது கதை ஹோய்ச்சி. கடற்போரில் ஒரு குலமே மூழ்கி அழிந்த கரையில், கண் தெரியாத இசைக்கலைஞன் ஒருவனை இறந்தவர்கள் இரவில் வந்து அழைத்துப் போகிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எங்கள் கதையைப் பாடு. டோரு டகெமிட்சுவின் இசையில் வாத்தியம் எது, மரம் பிளக்கும் சத்தம் எது என்று தெரியாது. பேய்களைக் கெட்டவர்கள் என்று அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை.

இதையொட்டித் தம்பியிடம் ஒரு வேண்டுகோளை நேரில் வைத்தேன், இங்கேயும் வைக்கிறேன். அடுத்த சுற்றில் ஒரு படத்தைத் தனுஷ்கோடி இடிபாடுகளுக்கு நடுவே திரையிட்டால் கூட்டம் வரும் என்று சிலர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். 'பேய் நகரம்' என்று சுற்றுலாப் பயணிகளிடம் விற்கும் வியாபாரத்தின் நீட்சி அது. 1964 டிசம்பர் புயலில், பயணிகளோடு வந்த ரயில் உட்பட அங்கே போனவர்கள் நம் மனிதர்கள். அவர்கள் வீட்டார் இன்றும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அந்தச் சுவர்களைத் திகில் காட்சிக்குப் பின்னணியாக்கக் கூடாது. "அண்ணன் சொல்வது எனக்கும் பட்டது, கிட்டங்கியை விட்டு எங்கும் போவதாக இல்லை" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் மதிப்பு கூடியது.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். துணையெழுத்து ஆங்கிலத்தில் மட்டும். படத்துக்கு முன் தம்பி தமிழில் ஐந்து நிமிடம் அறிமுகம் சொல்கிறார், ஒரு தாளில் கதைமாந்தர் பெயர்களும் கொடுக்கிறார், ஆனாலும் போதாது. தமிழ்த் துணையெழுத்தை அவர் தயார்செய்து வருவதாகச் சொல்கிறார். தெரிந்த ஆசிரியர்கள் கைகொடுத்தால் விரைவில் முடியும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. மின்சாரம் போனால் புரொஜெக்டர் இன்வெர்ட்டரில் ஓடும், விசிறி ஓடாது. கைவிசிறி ஒன்று எடுத்துப் போங்கள். படம் முடிந்ததும் சுக்குக் காபியும் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் கிடைக்கும், இரண்டும் சேர்த்து 40 ரூபாய். தொதல் வீட்டில் கிண்டியது, எண்ணெய் கையில் ஒட்டும், தின்றுவிட்டு நாற்காலியில் துடைக்காதீர்கள். இராமநாதபுரத்துக்கும் ஏர்வாடிக்கும் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை நம்பவேண்டாம்; நான்கு பேர் சேர்ந்தால் வாசலிலேயே ஆட்டோ பேசித் தருகிறார். முதல் வரிசையில் கழுத்து வலிக்கும், கடைசி வரிசையில் புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் கேட்கும். மூன்றாவது வரிசையின் நடுவில் உட்காருங்கள்; அங்கே இடம் வேண்டுமென்றால் எட்டரைக்குள் போய்விடவேண்டும்.